பச்சை விளக்கு நிற்கும்வரை

சூளைக்கு லீவு கிடையாது என்று எங்கள் தொழிற்சாலையில் சொல்வார்கள். பொங்கலோ தீபாவளியோ, சரக்கு ஏற்றிய வண்டி உள்ளே போய்க் கதவை அடைத்துவிட்டால், அது வெந்து, ஆறி, வெளியே வரும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை ஒரு பெருமைப் பேச்சு என்று நினைத்தேன். பாப்பா பிறந்த பிறகுதான் அது எவ்வளவு சலிப்பான உண்மை என்று தெரிந்தது.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் எங்களுடையது பெரிய இடமில்லை. மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான்களைச் செய்தோம். மண் குழைப்பதும் வார்ப்பதும் மெருகு பூசுவதும் மற்றவர்கள் வேலை. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதால் மீட்டர்களும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. சூளையின் உடம்பில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மீட்டர் பொருத்தியிருக்கும். அவற்றிலிருந்து புறப்படும் ஒயர்கள் சுவரில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் போகும். அதற்குள் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி. கம்ப்யூட்டருக்கும் மீட்டர்களுக்கும் நடுவில் நின்று பேச்சை வாங்கிக் கொடுப்பது அதுதான். இந்த நேரத்தில் இவ்வளவு சூடு, பிறகு இவ்வளவாகக் குறை என்று கம்ப்யூட்டரில் எழுதி வைத்துவிட்டால், அந்தக் கருவி ஒவ்வொரு மீட்டரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதன் சரியான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. 'மேடம் பொட்டி' என்றார்கள். அதில் ஒவ்வொரு மீட்டருக்கும் முகவரி போட்டு வைத்தது நான் என்பதால் அந்தப் பெயர்.

பிரசவ லீவு முடிந்து திரும்பிப் போனபோது எனக்கு ஒரே ஒரு சலுகை வேண்டியிருந்தது. பாப்பா புட்டியை வாயில் வைக்கவே மாட்டேன் என்றாள். பாலாடையில் கொடுத்தால் கொப்பளித்துத் துப்பினாள். காலையில் குடித்ததோடு சாயந்திரம் வரை அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரருக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலை. அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து தங்கியிருந்தார். மதியம் வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர ஒரு மணி நேரம் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். கேட்பதற்கு முன் அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

"போயிட்டு வாம்மா. நானும் புள்ள பெத்து வளத்தவன்தான். ஆனா ஒண்ணு. அந்த ஒரு மணி நேரத்துல இங்க ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்புறம் அந்தப் பேச்சே கெடையாது. சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும். அந்த ஒரு மணி நேரம் இருந்தால் வேலையும் இருக்கும், பாலும் இருக்கும். அது போனால் இரண்டில் ஒன்றை விட வேண்டும். மெருகு பூசும் பிரிவில் இருந்த பெண்களுக்கு இப்படி ஒரு சலுகை கிடைத்ததே இல்லை. அவர்களில் ஒரு அக்கா, நான் மொபெட்டை எடுக்கும்போதெல்லாம் கேட்கிற மாதிரியே சொல்வார்: "படிச்சவங்களுக்குத்தான் பாலு சொரக்குதுடி. நமக்கெல்லாம் மோருதான்." மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காமல் இருந்தால் திமிர் என்பார்கள், சிரித்தால் நடிப்பு என்பார்கள் என்று போகிற வழியெல்லாம் யோசிப்பேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெரிய இடி மழை. மறுநாள் காலையில் சூளை ஆபரேட்டர் போன் செய்தார்.

"மேடம், கம்ப்யூட்டர்ல நம்பரே வரல, கோடு கோடா நிக்குது. உங்க பொட்டியில எல்லா லைட்டும் ஒண்ணா எரியுது."

"மீட்டருங்க எரியுதுங்களா?"

"அதெல்லாம் நல்லா இருக்குது. பழைய சூட்டுலயே நிக்குது. எறங்க மாட்டேங்குது. நான் கையால ஒவ்வொண்ணா எறக்கிட்டு இருக்கேன். லீவு நாளு, நான் ஒருத்தன்தான். சீக்கிரம் வாங்க."

உள்ளே இருந்த சரக்கு வெந்து முடித்து ஆறத் தொடங்கியிருந்தது. பீங்கானுக்கு வேகும்போதைவிட ஆறும்போதுதான் ஆபத்து அதிகம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மெதுவாகக் குறைய வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். ஒரு ஆள் மீட்டர் மீட்டராக ஓடிக் கையால் அழுத்திக் குறைப்பது சில மணி நேரத்துக்குத் தாங்கும். நாள் முழுக்கத் தாங்காது.

பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடினேன். கருவியை விற்ற கம்பெனியின் சென்னை நம்பருக்கு அடித்தேன். லீவு நாளிலும் ஒருவர் எடுத்தார்.

"மேடம், அது உள்ளுக்குள்ள கன்ஃபூஸ் ஆயிடுச்சு. பென்டிரைவ் போட்டு ஃபேக்டரி செட்டிங்குக்குக் கொண்டாங்க. உங்ககிட்ட கொடுத்த சிடியில ஃபைல் இருக்கும்."

"நான் போட்டு வெச்சதெல்லாம்?"

"எல்லாம் போயிடும் மேடம். எங்ககிட்டேர்ந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும். அப்புறம் நீங்க மறுபடி போட்டுக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க. ஆரஞ்சு லைட்டு மின்னிக்கிட்டே இருக்கும். அது பச்சையாகி நிக்கிற வரைக்கும் கரன்ட்டும் போகக்கூடாது, பென்டிரைவையும் எடுக்கக்கூடாது. நடுவுல நின்னுச்சுன்னா அவ்ளோதான்."

"எவ்வளவு நேரமாகும்?"

"சொல்ல முடியாது மேடம். டக்குன்னும் முடியும், ரொம்ப நேரமும் இழுக்கும்."

சிடியைத் தேடி எடுத்து, பென்டிரைவைச் சுத்தமாக அழித்து, ஃபைலை ஏற்றினேன். என்னுடைய பென்டிரைவைக் கருவி கண்டுகொள்ளவே இல்லை. கொள்ளளவு அதிகமானவற்றை அந்தக் காலத்துக் கருவிகள் மதிக்காது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மேனேஜர் மேசையில் சாவிக்கொத்தோடு கிடந்த பழைய சின்ன பென்டிரைவை எடுத்தேன். அவரிடம் போனில் அனுமதி வாங்கி, அதில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்து, எல்லாம் வந்துவிட்டதா என்று திறந்து திறந்து பார்த்து, பிறகுதான் அழித்தேன். இதிலேயே காலை போய்விட்டது.

கருவியின் பக்கத்தில் ஊசித் துவாரம் மாதிரி ஒரு ஓட்டை. உள்ளே இருக்கும் பட்டனை அழுத்தியபடி கரன்ட் கொடுக்க வேண்டும். தாலிச் செயினில் தொங்கிய ஊக்கைக் கழற்றி நீட்டி உள்ளே விட்டேன். எலக்ட்ரீசியன் அண்ணன் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். எல்லா விளக்கும் அணைந்து, ஆரஞ்சு மட்டும் மின்னத் தொடங்கியது.

"என்னா தங்கச்சி, ஊக்குலயே ரிப்பேரு பண்ணிட்ட. எங்க ஸ்பேனரையெல்லாம் எடைக்குப் போட்டுடலாமா?" என்றார். அவர் அன்றைக்குப் புதுச் சட்டையில் இருந்தார். கையில் சந்தனக் கிண்ணம். பின்னால் மண் அரைக்கும் உருளைகள் முதல் பஞ்சர் ஒட்டாமல் நிற்கும் தள்ளுவண்டி வரைக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். வாசலில் வாழைக்கன்று. பூஜைக்கு வந்திருந்த நாலைந்து பேர் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு மின்னியது. மின்னிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை வேகம் கூடியதுபோல் இருந்தது. என் கண்ணுக்குத்தான் அப்படி என்று பிறகு பட்டது. மதியம் நெருங்கியதும் மார்பு கனத்தது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன். அண்ணி போன் செய்தார்.

"ஏம்மா, கெளம்பிட்டியா? கத்துறா பாரு, கேக்குதா?"

கேட்டது.

"இங்க ஒரு வேல பாதியில நிக்குது அண்ணி. கொஞ்சம் தட்டிக் குடுத்துப் பாருங்க."

"தட்டிக் குடுத்தா வயிறு ரொம்புமா? தண்ணி குடுத்துப் பாத்தேன், மூஞ்சத் திருப்புறா. நேத்தே ஒண்ணுக்கு சரியாப் போகல, சொன்னேன்ல. வரியா இல்லியா, அதச் சொல்லு."

நேற்று என்று அவர் சொன்னதும் மற்றதெல்லாம் மங்கிவிட்டது. பச்சை வரும்வரை கரன்ட் போகக்கூடாது, அவ்வளவுதானே. நான் பக்கத்தில் நின்று முறைத்துப் பார்ப்பதால் அது வேகமாக ஓடப்போவதில்லை. இது சரியான யோசனையா, போவதற்காக நானே செய்துகொண்ட யோசனையா என்று கேட்டுக்கொண்டேன். இரண்டும்தான்.

எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இந்த ஆரஞ்சு லைட்டு பச்சையாகி நிக்கிற வரைக்கும் யாரும் இந்தப் பொட்டியத் தொடக்கூடாது. பொட்டு வைக்கிறதா இருந்தாலும் வெளிக்கதவுல வைங்க. தயவுசெஞ்சு."

"நான் போயி அதத் தொடுவனா? யாரையும் கிட்ட வுட மாட்டேன். நீ புள்ளயப் பாரு, போ. வரும்போது பொரி எடுத்து வெச்சிருக்கேன்."

"போயிட்டு வரேண்ணே."

வீட்டில் பாப்பா என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தவில்லை. வாயில் வைத்த பிறகும் சற்று நேரம் விம்மி விம்மித்தான் குடித்தாள். அண்ணி எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பழைய புடவையைக் கிழித்துத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஊருல நடவு இருக்குதும்மா. உங்க அண்ணன் ஒத்த ஆளா அல்லாடுறாரு. கோவிச்சுக்காத, எத்தன நாளைக்கு நானே இருக்க முடியும்?"

"தெரியுது அண்ணி. இன்னும் கொஞ்ச நாள். இவ சோறு சாப்புட ஆரம்பிச்சிட்டா பரவால்ல."

"ம். நீ ஒண்ணும் நெனச்சுக்காத. அவ ஒரு பிடிவாதக்காரி, நீ ஒரு பிடிவாதக்காரி."

பாப்பா ஒரு பக்கம் குடித்துத் தூங்கிப்போனாள். இன்னொரு பக்கமும் கொடுத்துவிட்டே போகலாம் என்று அவள் காதை லேசாகத் தேய்த்து எழுப்பினேன். அந்தக் கூடுதல் நேரத்தைத்தான் பிறகு திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அது இல்லாவிட்டாலும் நடந்தது நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டால் தெரியும். கணக்கு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

திரும்பியபோது வாசலில் பூசணிக்காய் உடைந்து சிதறிக் கிடந்தது. கற்பூர வாசம். உள்ளே காலடி வைத்ததும் ஏதோ வித்தியாசம். சூளையின் ஊதுகுழாய் இரைச்சல் இருந்தது. மற்ற எதுவும் இல்லை. ஃபேன் இல்லை, விளக்கு இல்லை. மெயின் போர்டின் கைப்பிடி கீழே இறக்கப்பட்டு அதில் சாமந்தி மாலை தொங்கியது.

இரும்புப் பெட்டியைத் திறந்தேன். ஆரஞ்சும் இல்லை, பச்சையும் இல்லை.

எலக்ட்ரீசியன் அண்ணன் பொரிப் பொட்டலத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்த்து நின்றார்.

"நான் பொட்டியத் தொடவே இல்லம்மா. யாரையும் தொட வுடல."

"மெயினை ஆஃப் பண்ணியிருக்கீங்களே அண்ணே."

"பூஜ முடிஞ்சா பண்றதுதான? இன்னிக்கு மெஷினுங்களுக்கு ரெஸ்ட்டு. நாளைக்கு விஜயதசமி காலையில போடுவோம். சூளைக்கு தனி லைனு, அதுல நான் கை வெக்கல. வருஷா வருஷம் இப்படித்தான்." பிறகு பெட்டியைப் பார்த்தார். "இது அந்த லைன்லயா இருக்குது?"

அந்த லைனில்தான் இருந்தது. சூளைக்கான கருவி என்பதால் சூளையோடு சேர்ந்தது என்று நான் நினைத்திருந்தேன். சுவரில் மாட்டியிருப்பதால் மற்ற மெஷின்களோடு சேர்ந்தது என்று அவர் நினைத்தார் என்றும் சொல்ல முடியாது. அதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருடமும் ஆரத்திக்கு முன்பே பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மரியாதையாகக் கிளம்பிவிடுவேன். அவர்களும் சங்கடப்படுத்தாமல் அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு மெயினை இறக்கி மாலை போடுவார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால் எனக்கு யாரும் சொன்னதில்லை.

"போடுங்கண்ணே" என்றேன். "இப்பவே போடணும்."

அவர் மாலையைப் பார்த்தார். மறுநாள் காலைக்கு முன் அதைத் தொடுவது அவருக்கு எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கிறேன் என்பதால் அது இன்னும் ஒரு மாதிரிதான் தெரியும் என்பதும் தெரியும். அவர் செருப்பைக் கழற்றினார். மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஆணியில் மாட்டினார். கைப்பிடியைத் தூக்கினார். பின்னாலிருந்து யாரோ "என்னாங்க இது" என்றார்கள். ஃபேன்கள் சுழன்றன. கருவியில் ஒன்றும் எரியவில்லை. ஊக்கை விட்டு அழுத்தினேன். பென்டிரைவை எடுத்துத் துடைத்துச் செருகினேன். மறுபடி, மறுபடி. சென்னைக்காரர் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புதுசுதான் அனுப்பணும் மேடம்" என்றார்.

மேனேஜர் வந்தபோது எலக்ட்ரீசியன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் ஆஃப் பண்ணேன். அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல."

"நீ பண்ணது தப்புன்னு யாருய்யா சொன்னது? பூஜைக்கு ஆஃப் பண்றது வழக்கம்." என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. "நீ இங்க இருந்திருந்தா அவர் கைப்பிடியத் தொடும்போதே சொல்லியிருப்பியா, மாட்டியா?"

"சொல்லியிருப்பேன் சார்."

"அவ்ளோதாம்மா."

அதில் பிழை சொல்ல இடமில்லை. எல்லோரும் உண்மையையே பேசினார்கள்.

ராத்திரி முழுக்க ஆபரேட்டரும் எலக்ட்ரீசியன் அண்ணனும் மாறி மாறி மீட்டர்களை அழுத்திச் சூட்டை இறக்கினார்கள் என்று காலையில் சொன்னார்கள். புதுக் கருவி பஸ் பார்சலில் வந்தது. எல்லா முகவரியையும் முதலிலிருந்து போட்டேன். ஒரே தடவையில் சரியாக வந்தது. அதற்குள் அந்தச் சரக்கு ஆறிவிட்டிருந்தது.

வண்டியை வெளியே இழுத்தபோது பார்வைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மெருகுப் பிரிவுப் பெண்கள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மரக்கட்டையால் தட்டினார்கள். நல்லது மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது தொண்டை கட்டினாற்போல் மொத்தென்று கேட்கும். முதல் வரிசையெல்லாம் மணி. பின்பக்கத்து வரிசையில் ஒரு மொத்து. பிறகு இன்னொன்று. பிறகு அடுக்கடுக்காக. தட்டிக்கொண்டிருந்த அந்த அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எறக்குன கைப்பிடிய விடியிறதுக்குள்ள தூக்குனா வேற எப்படி இருக்கும்." யாரும் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் முந்தி ஆறிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பூஜையைப் பழித்ததாக ஆகும், எலக்ட்ரீசியன் அண்ணனைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகும். அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். உடைந்ததைக் கூடையில் அடுக்க உதவினேன்.

வேலை போகவில்லை. மேனேஜர் கடுமையான மனிதரில்லை. "மதியம் போறது மட்டும் வேணாம்மா. நான் முன்னாடியே சொன்னதுதான்" என்றார். ராஜினாமா எழுதலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். உன் இஷ்டம் என்றார். என் இஷ்டம் எது என்று தெரிந்திருந்தால் அவரிடம் கேட்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகு மதிய நேரத்தில் பெண்கள் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாஷ்பேசினில் பாலைப் பீய்ச்சிக் குழாயைத் திறந்துவிடுவேன். பீங்கானில் வெள்ளை தெரியாது. வீட்டில் அண்ணி புட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். தினமும் போனில் அழுகைச் சத்தம் கேட்கும். தொலைவில் கேட்டால்தான் நிம்மதி, போனை அருகில் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம் போனில் சத்தமே இல்லை. பயந்துவிட்டேன்.

"குடிச்சிட்டாம்மா!" என்றார் அண்ணி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "முழுப் புட்டி. ஒரு சொட்டு வெக்கல. குடிச்சிட்டு என்னப் பாத்து சிரிக்கிறா. இனிமே உனக்குக் கவல இல்ல, நானும் ஊருக்குப் போலாம். பக்கத்து வூட்டம்மாகிட்ட சொல்லி வெச்சிட்டேன்."

"நல்லதுங்க அண்ணி" என்றேன். கம்ப்யூட்டரில் மீட்டர்களின் எண்கள் வரிசையாக, சொன்னபடி குறைந்துகொண்டிருந்தன. சட்டை நனைந்திருந்தது.

சாயந்திரம் வீட்டுக்குப் போய் மடியில் கிடத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கொஞ்சம் குடித்தாள். பிறகு விட்டுவிட்டு, சுழல்கிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பசி இல்லை.